வீழ்ந்த பறவைக்கு நாம் செய்யும் உதவி

பொழுது புலருமுன் நெற்றி விளக்குடன் நிரைக்குச் செல்லும் தொழிலாளர் கண்ணில்தான், இரவில் அடிபட்டு வீழ்ந்த பறவை முதலில் படுகிறது. லாரி மோதிச் சாலையோரம் கிடக்கும் கூகை, முள்கம்பியில் இறக்கை சிக்கிய பருந்து, மரத்தடியில் கத்திக்கொண்டிருக்கும் குஞ்சு ஆகியவற்றைக் கண்டு இரங்காதார் இலர். ஆயினும் முறையறியாமல் செய்யும் உதவி, பல வேளைகளில் அப்பறவையின் உயிரையே பறித்துவிடுகிறது. ஆகவே, முறையான உதவி யாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

காப்பதனால் நமக்கு என்ன பயன்?

கூகை, ஆந்தை, பருந்து, கழுகு, வல்லூறு முதலியவற்றை இரைகொல்லிப் பறவைகள் என்பர். வளைந்த அலகும் கூரிய நகங்களும் இவற்றின் அடையாளம். இதய வடிவில் வெண்முகம் கொண்ட கூகை, வெண்டலையும் செம்பழுப்பு உடலும் உடைய கருடன், பாம்பைப் பிடித்துண்ணும் கொண்டைக் கழுகு, வானில் ஓரிடத்திலேயே இறக்கையடித்து நின்று எலி தேடும் கருந்தோள் பருந்து ஆகியன நம் நாட்டுத் தோட்டப் பகுதிகளில் காணப்படுபவை.

இவற்றுள் கூகை தோட்டத்தின் காவற்காரன் எனலாம். அதன் முதன்மையான உணவு எலியே. ஓர் இணைக் கூகையும் அதன் குஞ்சுகளும் சேர்ந்து ஓராண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்றுவிடும். பால்மரம் நின்ற நிலங்களில் இன்று செம்பனையும் நிற்கிறது. செம்பனைக் குலையைக் கடித்து நாசமாக்குவது எலி. அதன் சிறுநீர் கலந்த நீராலும் சேற்றாலும் பரவும் எலிக் காய்ச்சல் மனித உயிரையும் கொல்ல வல்லது. இதனை உணர்ந்தே, செம்பனைத் தோட்டங்கள் பலவற்றில் கம்பத்தின்மேல் மரப்பெட்டி பொருத்திக் கூகைகளைக் குடியமர்த்தி வருகின்றனர்.

அப்படியிருக்க, கூகை அலறினால் வீட்டில் இழவு விழும் என்றஞ்சி அதனைக் கல்லால் அடித்து விரட்டுவோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். கூகை அலறுவது தன் இணையை அழைக்கவும், தன் எல்லையை அறிவிக்கவுமே ஆகும். மனிதரின் சாவுக்கும் அதன் குரலுக்கும் எத்தொடர்பும் இல்லை.

அடிபட்ட பறவையைக் கண்டால்

முதலில், சற்று விலகி நின்று பாருங்கள். இறக்கை தொங்குகிறதா? குருதி தெரிகிறதா? அணுகினாலும் பறக்க முயலாமல் கிடக்கிறதா? இவற்றுள் ஒன்று இருந்தாலும் அதற்கு உதவி தேவை. பகலில் கூகை தரையில் கிடந்தால் காக்கைகள் சூழ்ந்து கொத்தும். பகலில் காக்கைக்கு முன் கூகை வலுவிழந்து நிற்பதை வள்ளுவரும் உவமையாகக் கையாண்டிருக்கிறார். ஆதலின் காக்கைகளை விரட்டி, சிறுவரையும் நாய்களையும் அப்பால் அனுப்புங்கள்.

இரண்டாவதாக, தடித்த துணியையோ கோணிச் சாக்கையோ பறவையின் தலைமீதும் உடல்மீதும் போர்த்துங்கள். கண் மறைந்தவுடன் அதன் அச்சம் தணியும். அலகைக் காட்டிலும் கால் நகங்களே ஆபத்தானவை. அவை கையைத் துளைத்துப் பற்றினால் எளிதில் விடா. ஆகவே, இறக்கைகளை உடலோடு அணைத்துக் கால்களைத் துணியோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். மார்பை அழுத்தக் கூடாது. பறவை தன் மார்பெலும்பை அசைத்தே மூச்சு விடுகிறது. அழுத்தினால் மூச்சடைத்து இறந்துவிடும். முள்கம்பியில் சிக்கிய பறவையை இழுக்காதீர்கள். தோட்ட அலுவலகத்தில் தெரிவித்து, கம்பியை இருபுறமும் வெட்டி, கம்பித் துண்டோடேயே எடுத்துச் செல்வது நன்று.

மூன்றாவதாக, பறவையை அட்டைப் பெட்டியில் வையுங்கள். அடியில் பழந்துணி விரித்து, பக்கங்களில் சிறு துளைகள் இட்டு, மூடி, அமைதியும் நிழலும் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். கம்பிக்கூடு உதவாது. கம்பியில் மோதிச் சிறகுகள் ஒடியும். ஒடிந்த சிறகு அடுத்த சிறகுதிர்ப்பு வரையில் மாறாது. அதுவரை பறவையால் நன்கு பறக்க இயலாது.

நான்காவதாக, உணவோ நீரோ கொடுக்காதீர்கள். இதனைக் கேட்கச் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பறவையின் மூச்சுக்குழல் வாய் நாவின் அடியிலேயே திறந்திருக்கிறது. வாயில் ஊற்றும் நீர் நுரையீரலுக்குள் சென்று அதனைக் கொன்றுவிடும். சோறு, ரொட்டி, பால் ஆகியன அதன் உணவல்ல. அதிர்ச்சியுற்ற பறவைக்கு இறைச்சிகூடச் செரிக்காது.

ஐந்தாவதாக, வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறைக்கு (பெர்ஹிலித்தான்) அன்றே தெரிவியுங்கள். பறவை கிடைத்த இடத்தையும் நேரத்தையும் குறித்துக் கொடுங்கள். குணமான பின் அதே வட்டாரத்தில் விடுவிக்க அக்குறிப்பு உதவும். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பறவைகளை அனுமதியின்றிப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றமாகும் என்பதையும் நினைவிற் கொள்க.

குஞ்சு அநாதைதானா?

தரையில் கிடக்கும் குஞ்சு ஒவ்வொன்றும் தாயை இழந்ததன்று. சிறகு முளைத்துப் பறக்கப் பழகும் பருந்துக் குஞ்சு, கிளையிலிருந்து தவறி விழுவது இயல்பு. தாய்ப்பறவை அருகிலேயே இருக்கும். குஞ்சுக்குக் காயமில்லையெனில் அதனை அருகிலுள்ள உயர்ந்த கிளையில் வைத்துவிட்டு, தொலைவில் நின்று கவனித்தால் போதும்.

கூகைக் குஞ்சின் நிலை வேறு. பெட்டியிலிருந்து தரையில் விழுந்த குஞ்சுக்குத் தாய் பெரும்பாலும் இரை கொண்டு வருவதில்லை. காயமில்லாத குஞ்சைத் தோட்ட அலுவலர் துணையுடன் ஏணி வைத்துப் பெட்டியிலேயே திரும்ப விடவேண்டும். மனிதர் கை பட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடும் என்பது தவறான எண்ணம்.

இரக்கத்தால் குஞ்சை வீட்டிலேயே வளர்க்க விழைவோர் இரண்டு தீங்குகளை அறிய வேண்டும். இரைகொல்லிப் பறவை எலியை எலும்பும் மயிருமாக உண்பது. வெறும் இறைச்சித் துண்டுகளை ஊட்டினால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்புகள் வளைந்துவிடும். மேலும், கண் திறந்த நாள் முதல் மனிதரையே கண்டு வளரும் குஞ்சு தன்னையும் மனித இனமெனவே கொள்ளும். அதற்கு வேட்டையும் தெரியாது. இணை சேரவும் தெரியாது. அத்தகைய பறவையைக் காட்டில் விடுவது அதனைப் பட்டினிக்கு விடுவதே ஆகும்.

மறுவாழ்வு எவ்வாறு அளிக்கின்றனர்?

மீட்பு மையத்தில் முதலில் நீர்ச்சத்து ஏற்றி, எக்ஸ்ரே எடுத்து, முறிந்த எலும்புக்குக் கட்டுப் போடுகின்றனர். பறவையின் எலும்பு சில வாரங்களில் கூடிவிடும். ஆயினும் எலும்பு கூடியதும் வெளியே விடலாகாது. பல நாள் அசையாதிருந்த தசை வலுப்பெற, நீண்ட கூண்டில் பறக்கப் பழக்குவர். குஞ்சுகளுக்கு ஊட்டுவோர் தம் முகம் தெரியாவண்ணம் ஊட்டுவர். நன்கு பறக்கவும், தானே இரை பிடிக்கவும் வல்லதென உறுதியான பின்னரே விடுவிப்பர். கூகையாயின் அந்திப் பொழுதில்.

வருமுன் காத்தல்

எலி நஞ்சு தின்ற எலி உடனே இறப்பதில்லை. சில நாள் தளர்ந்து திரியும்; அதனைக் கூகை எளிதில் பிடித்து உண்ணும். குருதியை உறையவிடாத அந்நஞ்சு கூகையின் உடலிலும் சேர்ந்து, உள்ளே குருதி கசிய வைத்து அதனையும் கொன்றுவிடும். ஆகவே நஞ்சு வைக்கும் வேலையில் உள்ளோர், குறித்த அளவுக்கு மேல் வைக்காமலும், செத்த எலிகளைக் கையுறை அணிந்து சேகரித்துப் புதைத்தும் வரவேண்டும். பெற்றோர், பிள்ளைகள் கையிலுள்ள லாஸ்டிக் பறவைகளின் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நினைவிற் கொள்க

1. துணி போர்த்துப் பிடிக்கவும், மார்பை அழுத்தாதீர்.
2. மூடிய அட்டைப் பெட்டியில், இருட்டிலும் அமைதியிலும் வைக்கவும்.
3. உணவும் நீரும் கொடாதீர்.
4. காயமற்ற குஞ்சை அதன் இடத்திலேயே சேர்க்கவும்.
5. அன்றே துறைக்குத் தெரிவிக்கவும்.

இக்குறிப்புகளைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு தாளில் எழுதச் செய்து, பெரட்டுக் களத்திலோ கோயில் அறிவிப்புப் பலகையிலோ ஒட்டிவைத்தால் தோட்டத்தார் அனைவருக்கும் பயன்படும்.