லேஸ் சால்வையின் கணக்கு

மூன்றாம் ஆண்டு மாணவி, கணிதத் துறை

கணிதம் பயிலும் மாணவி பின்னல் ஊசியைப் பற்றி எழுதுவதா என்று நண்பர்கள் வியக்கலாம். விடுதியில் சிலர் சிரிக்கவும் செய்தனர். எனினும் சென்ற கோடை விடுமுறையில் முதன்முறையாக ஒரு லேஸ் சால்வையைப் பின்னி முடித்தபோது நான் கண்ட கணக்கை மாணவ நண்பர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க வேண்டும் என்ற ஆவல் எழுந்தது.

நெசவு வேறு, பின்னல் வேறு. நெசவில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. பின்னலிலோ இருப்பது ஒரே நூல்தான். அது ஒரு வளையத்தின் வழியே மற்றொரு வளையமாக வெளிவந்து துணியாகிறது. அந்த வளையத்தையே இங்குக் கண்ணி என்று குறிப்பிடுகிறேன்.

துணியில் தானாக விழும் துளையைக் கிழிசல் என்போம். கணக்கிட்டு நாமே விடும் துளை லேஸ் ஆகிறது. நூலை ஊசியின்மேல் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு கண்ணி கூடும். அவ்விடத்தில் துளை விழும். இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னினால் ஒரு கண்ணி குறையும். கூட்டியது எவ்வளவோ அவ்வளவு கழித்தாக வேண்டும். இல்லையேல் சால்வை விரிந்துகொண்டே போகும், அல்லது கூம்பிவிடும்.

நான் எடுத்துக்கொண்டது 'ஓல்ட் ஷேல்' என்னும் ஷெட்லாந்துத் தீவுகளின் பழைய வகை. 18 கண்ணிகள் ஒரு தொகுதி. நான்கு வரிசைகள் ஒரு சுழற்சி. முதல் வரிசை முழுதும் நிட், இரண்டாம் வரிசை முழுதும் பர்ல், நான்காம் வரிசை மீண்டும் நிட். வேலையெல்லாம் மூன்றாம் வரிசையில்தான். முதலில் இரண்டிரண்டு கண்ணிகளாக மூன்று முறை சேர்க்க வேண்டும். பிறகு ஒரு சுற்று, ஒரு நிட் என ஆறு முறை. பிறகு மறுபடியும் இரண்டிரண்டாக மூன்று முறை. முதல் ஆறு மூன்றாகிறது. நடு ஆறு பன்னிரண்டாகிறது. கடை ஆறும் மூன்றாகிறது. 3+12+3=18. எடுத்த எண் அப்படியே திரும்பி வந்துவிடுகிறது!

ஆனால் எண் மாறாவிட்டாலும் வடிவம் மாறுகிறது. சேர்த்த இடம் சுருங்க, துளைவிட்ட இடம் விரிய, நேர்க்கோடாக இருக்க வேண்டிய வரிசை கடலலைபோல் ஏறி இறங்குகிறது. யாரும் அலையை வரையவில்லை. கூட்டலும் கழித்தலும் இருந்த இடமே அலையைத் தந்தது. நம் நீலகிரியின் தோடர் பெண்களும் வெள்ளைத் துணியில் இழைகளை எண்ணியே, கோடு வரையாமல், சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்கிறார்கள் என்பது இங்கு நினைவுக்கு வருகிறது.

செய்முறையில் மூன்று செய்திகளைச் சொல்ல வேண்டும். மெல்லிய நூலுக்குச் சற்றுத் தடித்த ஊசியே ஏற்றது. இறுக்கிப் பின்னினால் துளை தெரியாது. பத்துச் சுழற்சிக்கு ஒரு முறை, வேறு நிறப் பருத்தி நூலைத் தையலூசியில் கோத்து எல்லாக் கண்ணிகளின் வழியாகவும் இழுத்துவிட வேண்டும். பின்னர் எங்கேனும் கண்ணி நழுவினாலும் அந்த நூல்வரை பிரித்தால் போதும். மூன்றாவது, நூலை வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். உல்லன் என்று விற்கப்படுவதில் பல அக்ரிலிக். உண்மையான கம்பளியை நனைத்து, பிழியாமல் துண்டில் ஒற்றி, ஜமக்காளத்தின் மேல் இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைத்தால் அந்த வடிவம் நிற்கும். ஊசியிலிருந்து இறக்கியபோது கசங்கிய கந்தலாகத் தோன்றியது, இவ்வாறு காய்ந்த மறுநாள் சால்வையாகிவிட்டது. இத்தனை துளைகள் இருந்தும் குளிருக்கு எப்படி ஆகும் என்பார்கள். கம்பளி இழைகளிடையே அசையாமல் தங்கும் காற்றே குளிரைத் தடுக்கிறது.

ஆறு தொகுதிகளுக்கு 108, இரு ஓரங்களுக்கும் ஆறாறு, ஆக 120 கண்ணிகள். 75 சுழற்சிக்கு 300 வரிசைகள். பெருக்கினால் 36,000 கண்ணிகள். நிமிடத்துக்குப் பதினைந்து என்று வைத்தாலும் 40 மணி நேரம் ஆகிறது.

இந்த எண்ணை நான் சொன்னபோது, எனக்குப் பின்னல் கற்றுத்தந்த எதிர்வீட்டு அக்கா சிரிக்கவில்லை. அவர் பல ஆண்டுகளாகக் கடைத்தெருவில் ஒரு கடைக்கு ஸ்வெட்டர் பின்னித் தருபவர். கூலியில் பாதி பணமாக வரும். மீதிக்கு "நூலா எடுத்துக்கோங்கம்மா" என்பார்கள். நூலின் விலையும் அவர்கள் வைத்ததே.

இது புதிதன்று. ஷெட்லாந்தின் வடகோடித் தீவான அன்ஸ்டில் ஆட்டின் கழுத்து மயிரைக் கையால் பறித்து, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக நூற்றுப் பின்னிய பெரிய சால்வை ஒரு மோதிரத்தினுள் நுழைந்து வெளிவருமாம். அதன் புகழை உலகறியும். அதைப் பின்னியவர்கள் பெற்ற கூலியை அறிந்தவர் குறைவு. 1872-இல் வில்லியம் கத்ரி என்பவர் பிரிட்டிஷ் அரசுக்காக நடத்திய விசாரணையில் பின்னல் பெண்கள் வந்து சாட்சி சொன்னார்கள். வியாபாரிகள் சால்வைக்குப் பணம் தராமல் தேயிலையும் துணியும் தந்தார்கள். பெற்ற தேயிலையை வீடு வீடாகக் கொண்டுபோய் உணவு மாவுக்கு மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. 1887-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம்தான் வீட்டிலிருந்து பின்னுவோரையும் பணக்கூலிப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. அதன் பிறகும் வழக்கம் எளிதில் போய்விடவில்லை.

இதை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "அங்கேயும் தேயிலைதானா?" என்று மட்டும் கேட்டார். அவருடைய தாய் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்.

பொருளியல் துறை நண்பர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. நாற்பது மணி நேரத்தை எந்தக் கூலியால் பெருக்குவது? அடுப்பில் சோறு கொதிக்கும்போதே பின்னிய நேரத்தை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? சால்வையின் விலை என்று கடைக்காரர் சொல்வது நூலின் விலையையும் லாபத்தையும்தான் என எனக்குத் தோன்றுகிறது. கண்ணிகள் அதில் இல்லை.

இப்போது அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டில், ஊசியை எடுக்கும் மணியையும் வைக்கும் மணியையும் குறித்து வருகிறார். கூட்டிக் கொடுப்பது என் வேலை. முதல் ஸ்வெட்டருக்கு 31 மணி நேரம் என்று வந்திருக்கிறது. வரும் சனிக்கிழமை அந்த நோட்டோடு கடைக்குப் போகிறார்; நானும் உடன் செல்கிறேன்.