எந்தக் கண்ணில், எத்தனை நிமிடம்

நேர்கோடு ரம்பப் பல்லாக நெளியும். எதிரே இருப்பவர் முகம் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கும். கைக்கெட்டும் கதவு தெருமுனைக்குப் போய்விட்டதுபோல் தோன்றும். பார்வையின் நடுவில் ஒரு துண்டு காணாமல் போய், அதன் ஓரத்தில் வெளிச்சம் துடிக்கும். இப்படிப்பட்ட பார்வைத் திரிபு அவ்வப்போது வந்து போகிறவர்களில் நானும் ஒருவன். இருப்பது நவி மும்பையின் ஐரோலியில். தாராவியிலும் செம்பூரிலும் வளர்ந்து, கொஞ்சம் பெரிய வீட்டுக்காகவோ ஐ.டி. வேலைக்காகவோ கழிமுகத்தின் இந்தக் கரைக்கு வந்த தமிழர்கள் நடுவில் தலைவலி சர்வ சாதாரணமான பேச்சு. இரவு ஷிப்டைத் திட்டுவார்கள், தைலம் கேட்பார்கள். (அமிர்தாஞ்சன் 1893-இல் பம்பாயில் பிறந்து பிறகு சென்னைக்குப் போனது, நாம் எதிர்த்திசையில் வந்தோம்.) ஆனால் தலைவலிக்கு முன் கண்ணில் நடப்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. என் கட்சி ஒன்றுதான்: இந்தத் திரிபுக்கு, பார்த்தவரைத் தவிர வேறு சாட்சி கிடையாது. ஆகவே பார்த்தவரே அதை அளந்து எழுதி வைக்க வேண்டும். ஸ்கேனும் மாத்திரையும் அதற்குப் பிறகுதான்.

இந்தத் திரிபைப் பற்றி இன்று தெரிந்தவற்றில் கணிசமானவை, திரிபு வந்தவர்களே வரைந்தும் எழுதியும் வைத்ததிலிருந்து கிடைத்தவை. ஆங்கிலேய மருத்துவர் ஹியூபர்ட் ஏரி, தன் கண்ணில் விரிந்த ஒளிக்கோடு கட்டம் கட்டமாக வளர்வதை வரைந்து 1870-இல் வெளியிட்டார். கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு புள்ளியிலேயே கண்ணை நிறுத்தி, மறைந்த பகுதியின் எல்லை நகர நகரத் தாளில் குறித்தார். அந்த அளவுகளை மூளையின் பின்புறத்தில் உள்ள பார்வைப் பகுதியோடு பொருத்திக் கணக்குப் போட்டு, ஏதோ ஒன்று அங்கே நிமிடத்துக்குச் சுமார் 3 மி.மீ. வேகத்தில் ஊர்கிறது என்று 1941-இல் எழுதினார். மூளைக்குள் எட்டிப் பார்க்க அவரிடம் எந்தக் கருவியும் இல்லை. மூன்றே ஆண்டில், பிரேசில்காரரான அரிஸ்டிடீஸ் லியாவ் முயலின் மூளையில் கிட்டத்தட்ட அதே வேகத்தில் பரவும் மின்னடங்கலைக் கண்டார். 2001-இல் மனித மூளையில், திரிபு நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்த எஃப்.எம்.ஆர்.ஐ. படங்களிலும் அதற்கு நெருக்கமான வேகமே தெரிந்தது. பொருள்கள் சிறுத்தும் பெருத்தும் தெரியும் நிலைக்கு ‘ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்’ என்ற கதைப்பெயரை 1955-இல் சூட்டிய ஜான் டாட் நம்பியதும் நோயாளிகளின் வாய்மொழியைத்தான். கதையை எழுதிய லூயிஸ் கரோலுக்கே இந்தத் திரிபு இருந்தது என்று அடித்துச் சொல்பவர்களை அப்படியே நம்பத் தேவையில்லை. நூல் வந்தது 1865-இல்; ஒற்றைத் தலைவலியின் ஒளிக்கோட்டை அவர் நாட்குறிப்பில் எழுதியது அதற்குச் சுமார் 20 ஆண்டுகள் கழித்து.

சரி, எதை எழுதுவது? முதலில், எந்தக் கண் என்பதை. இடப்பக்கம் மறைந்தால் இடக்கண்ணில் கோளாறு என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டிலுமே இடப்பக்கம் போயிருக்கும். அப்படியானால் கோளாறு கண்ணில் இல்லை, மூளையின் பார்வைப் பகுதியில். ஒரே கண்ணில் மட்டும் கோடுகள் வளைந்தால், அதுவும் வந்து போகாமல் நிலைத்து நின்றால், விழித்திரையைச் சோதிக்க வேண்டும். கண் மருத்துவர்கள் அதற்கு வைத்திருக்கும் ஆம்ஸ்லர் கட்டம் 10 செ.மீ. சதுரம், வீட்டில் அவசரத்துக்குக் கட்டம் போட்ட கணக்கு நோட்டே போதும். அடுத்தது நேரம்: எப்போது தொடங்கியது, எத்தனை நிமிடத்தில் விரிந்தது, எப்போது விட்டது. ஒற்றைத் தலைவலியின் பார்வைத் திரிபு மெல்ல விரியும். வழக்கமாக 5 நிமிடத்திலிருந்து 60 நிமிடத்துக்குள் அடங்கும். தலைவலியே வராமலும் போகலாம். மூன்றாவது, கூடுதலாக ஒன்று தெரிந்ததா, இருந்தது மறைந்ததா. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டு, அதையே பார்த்தபடி, சில நிமிடத்துக்கு ஒரு முறை எல்லையைக் கோடிட்டால் லாஷ்லியின் முறை நம் கையில். மறுநாள் நினைவிலிருந்து எழுதினால் அரை மணி நேரம் பத்து நிமிடமாகிவிடும்.

எம்.ஆர்.ஐ. இருக்கும்போது காலண்டர் தாள் எதற்கு என்று கேட்பார்கள். திரிபு முடிந்த பிறகு எடுக்கும் படம் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். கட்டி, ரத்தக் கசிவு போன்றவை இல்லை என்று சொல்வதற்கு அது உதவும். நேற்று மாலை என்ன தெரிந்தது என்பதை அது சொல்லாது. அரசு மருத்துவமனை ஓ.பி.டி. வரிசையில் மருத்துவருக்கு இதையெல்லாம் படிக்க ஏது நேரம் என்பது இன்னொரு கேள்வி. நேரம் இல்லாததால்தான் நான்கு வரியாகச் சுருக்கிக் கொடுக்க வேண்டும். “கண்ணு ஒரு மாதிரி ஆகுது டாக்டர்” என்பதிலிருந்து அவர் எதையும் பிடிக்க முடியாது. “இரண்டு கண்ணிலும், இடப்பக்கம், 20 நிமிடம், பிறகு தலைவலி” என்றால் பாதி வேலை முடிந்தது. மருந்துச் சீட்டே இதனால் மாறும். தலைவலியோடு இத்தகைய திரிபும் உள்ள பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை வேண்டாம் என்கின்றன உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்கள், பக்கவாத அபாயம் கூடுவதால். கேட்காமல் விட்டதும் சொல்லாமல் விட்டதும் சேர்ந்தால் அந்த மாத்திரை தொடர்ந்துகொண்டே இருக்கும்.

எழுதிக்கொண்டே இருந்தால் மனம் அதிலேயே ஊறிவிடாதா? இந்த ஆட்சேபத்தில் உண்மை உண்டு. அதனால் திரிபு வந்தால் மட்டும் எழுதுவது, வராத நாளில் தாளைத் தொடாதிருப்பது என்று வரம்பு கட்டிக்கொள்வது நல்லது. அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று: குறிப்பு பொய்க் காரணத்தையும் காட்டும். சாக்லெட் சாப்பிட்டேன், வந்தது; ட்ரான்ஸ் ஹார்பர் ரயிலில் ஜன்னல் வெயில் கண்ணில் அடித்தது, வந்தது. தாளில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். ஆனால் இனிப்பில் ஆசை எழுவதும் வெளிச்சம் உறுத்துவதும் தாக்குதல் உள்ளே தொடங்கிவிட்டதன் அறிகுறியாகவும் இருக்கலாம். எனவே ஒன்றிரண்டு பொருத்தத்தை வைத்துச் சாப்பாட்டை ஒவ்வொன்றாக ஒதுக்குவது வீண் தண்டனை. மருந்துகளின் கதை வேறு. தொடங்கிய தேதியும் எண்ணிக்கையும் தாளில் இருந்தே ஆக வேண்டும். ஒற்றைத் தலைவலியைத் தடுக்கக் கொடுக்கும் டோபிரமேட்டே சிலருக்குப் பொருள் சிறுத்துப் பெருக்கும் திரிபைத் தந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. பாராசிட்டமால் போன்றவை மாதத்தில் 15 நாளையும், ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான் வகை 10 நாளையும் எட்டி அப்படியே சில மாதங்கள் ஓடினால், மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கும்.

எழுதக் கூடாத வேளையும் உண்டு. திரை விழுந்ததுபோல் பார்வை சட்டென்று போனால், வாய் குழறினால், ஒரு பக்கக் கைகால் தளர்ந்தால், ஐம்பதைத் தாண்டி முதல்முறை வந்தால், வழக்கமான கால அளவை மீறி நீடித்தால், பென்சிலைத் தேடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேரமே அவகாசம். வழக்கமாக வருவது எப்படியிருக்கும் என்று முன்பே எழுதி வைத்தவருக்குத்தான் இன்று வந்திருப்பது வேறு என்று சட்டென்று புலப்படும்.

இவ்வளவுக்கும் தடையாக நிற்பது, பைத்தியம் என்பார்களே என்ற அச்சம். பேய்க்கோளாறு என்று மந்திரிக்க அழைத்துப் போவார்கள், பெண் பார்க்கும் இடத்தில் பேச்சு வரும் என்ற கணக்கும் உண்டு. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவரிடமும் கூட வாழ்கிற ஒருவரிடமும் சொன்னால் போதும். இல்லாதது கண்ணுக்குத் தெரிந்தாலே அது பைத்தியம் ஆகிவிடாது: சர்க்கரை நோயாலோ கண்புரையாலோ பார்வை மங்கிய முதியவர்கள் இல்லாத ஆட்களையும் உருவங்களையும் பார்ப்பதுண்டு. சுவிஸ் இயற்கையியலாளர் சார்லஸ் போனே 1760-இல் தன் தாத்தா லூலனைப் பற்றி எழுதியது இதைத்தான். தாத்தாவுக்கு அறிவு தெளிவாக இருந்தது. தெரிவது நிஜமல்ல என்பதும் அவருக்குத் தெரியும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் தன் 1998-ஆம் ஆண்டு நூலில் இதை விரிவாக எடுத்துப் பேசினார்: வெளியிலிருந்து தகவல் குறையும்போது மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. “நிஜம் இல்லைன்னு தெரியுது, ஆனா தெரியுது” என்று அம்மா சொன்னால், கண் மருத்துவருக்கும் நரம்பியல் மருத்துவருக்கும் மிகவும் வேண்டிய வாக்கியம் அதுதான். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

வண்டி ஓட்டுவதில் விட்டுக்கொடுக்க முடியாது. ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1, வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் பற்றிக் கேட்கிறது; பார்வைத் திரிபைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை என்பதால் கடமை தீர்ந்துவிடாது. மெல்ல விரியும் திரிபு, ஓரம் கட்ட நேரம் தருகிறது. முதல் துடிப்பிலேயே நிறுத்த வேண்டும். முலுண்டு பாலத்தைத் தாண்டிவிடலாம் என்று ஸ்கூட்டரை முறுக்கக் கூடாது. பிளாட்பாரத்தில் நிற்கும்போது வந்தால் இரண்டு லோக்கலை விட்டுவிடலாம். ஆழமும் தூரமும் தவறாகத் தெரியும் கண்ணோடு வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத் தாண்டுவது நல்லதல்ல. கடைசியாக, குழந்தைகள்: பொருள் சிறுக்கும் திரிபு அதிகம் வருவது அவர்களுக்கு. காய்ச்சலோடும், எப்ஸ்டீன்-பார் போன்ற வைரஸ் தொற்றோடும் அது வருவதுண்டு. பெரும்பாலும் தானே விலகும். ஆனாலும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும். “அப்பா தூரமா போயிட்டே” என்று குழந்தை சொன்னால் அதட்டாதீர்கள். எவ்வளவு தூரம், எவ்வளவு சின்னதாக என்று கேட்டு, ஒரு தாளைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள். தேதியையும் நேரத்தையும் ஓரத்தில் நீங்கள் போட்டு, போகும்போது அந்தத் தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.