தணலில் பன்றி இறைச்சி: வேகவும் வேண்டும், காயவும் கூடாது

சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய் வருகிறவர்களின் பையில் பன்றி இறைச்சி இருப்பது நம் தோட்டங்களில் புதுமையல்ல. நத்தாருக்கும் வருஷப் பிறப்புக்கும் சொல்லவே வேண்டாம். அநேக வீடுகளில் அது மிளகும் கொறக்காவும் போட்ட குழம்பாகிறது. குழம்பு நல்லதுதான். ஒரு மணித்தியாலம் கொதித்தால் எந்தத் துண்டும் வெந்துவிடும், யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கொழும்பில் வேலை பார்த்துவிட்டு லீவில் வரும் நம் இளம்பிள்ளைகள், "எந்த நாளும் குழம்புதானா, இன்னைக்குச் சுட்டுச் சாப்பிடுவோமே" என்கிறார்கள். தேங்காயும் எண்ணெயும் செலவில்லாத சமையல் என்பதால் அம்மாமாரும் மறுப்பதில்லை.

சுடும்போது இரண்டு விதமாகக் காரியம் கெடுகிறது. கொழுந்துவிட்டு எரியும் நெருப்பில் வைத்தால் வெளியே கரி, உள்ளே பச்சை. "பன்றி நல்லா வேகணும்" என்று பயந்து மேலும் அரை மணி நேரம் விட்டால், அது செருப்புத் தோலாகிவிடும். பல் போன பாட்டிக்கும் நாலு வயதுப் பிள்ளைக்கும் அது உதவாது. ஒரு நாள் பேரில் பெரும் பங்கைக் கொடுத்து வாங்கிய இறைச்சி நாய்க்குப் போகிறது. பச்சையாய்ச் சாப்பிட்டால் என்ன ஆபத்து என்பதைப் பின்னால் சொல்கிறோம். முதலில், ஈரம் போகாமல் முழுக்க வேக வைப்பது எப்படி என்று பார்ப்போம்.

இறைச்சியின் நார்களுக்கிடையில் நிறையத் தண்ணீர் இருக்கிறது. சூடு ஏற ஏற நார் சுருங்கி, பிழிந்த துணி போலத் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. துண்டின் நடுப்பகுதி 70 பாகை செல்சியசைத் தொட்டால் வெந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். 80, 85 என்று ஏறினால் வேகுவதற்கு மிச்சமில்லை, காய்வதுதான் நடக்கும். இந்த இரண்டுக்கும் இடையில் இருப்பது சில நிமிஷந்தான். அந்தச் சில நிமிஷத்தைக் கொஞ்சம் நீட்டித் தருகிற வேலைகளைத்தான் இங்கே சொல்கிறோம்.

வாங்கும்போதே வேலை தொடங்குகிறது. அனுமதி பெற்ற கடையிலேயே வாங்குங்க. கடைக்காரரிடம் "சொப்ஸ்" என்று கேட்டால் முதுகுப் பக்கத்து இறைச்சியை எலும்போடு வெட்டித் தருவார். மெல்லிசாக வெட்ட விடக் கூடாது. பெருவிரலின் நுனியிலிருந்து முதல் மூட்டு வரை உள்ள அளவு, ஒரு அங்குலக் கனம் வேண்டும். மெல்லிய துண்டு வெளியே சிவக்கு முன்பே உள்ளே காய்ந்து போகும். எலும்பை எடுக்கச் சொல்லாதீங்க, ஓரத்துக் கொழுப்பையும் சீவ விடாதீங்க. கொழுப்பு வெள்ளையாகவும், இறைச்சி இளஞ்சிவப்பாகவும், தொட்டால் இறுக்கமாகவும் இருக்க வேண்டும். பிசுபிசுத்தாலோ புளித்த வாடை அடித்தாலோ எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் நேரே பீலிக்குக் கொண்டுபோய்க் கழுவுவது பலருடைய பழக்கம். அதை விட்டுவிடுங்க. பச்சை இறைச்சியிலுள்ள கிருமிகள் தெறிக்கும் தண்ணீரோடு குடத்திலும் கையிலும் படும். அதே பீலியில்தான் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் தண்ணி குடிக்குதுங்க. கிருமியைக் கொல்வது சூடுதான், கழுவுவது அல்ல. எலும்புத்தூள் ஒட்டியிருந்தால் சுத்தமான துணியால் துடைத்தாலே போதும். அந்தத் துணியை உடனே கொதிநீரில் போட்டுவிடுங்க.

அடுத்தது உப்புத் தண்ணீர். இதுதான் பாடத்தின் முக்கியமான பகுதி. 1 லீற்றர் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மட்டமாக 3 மேசைக்கரண்டி தூளுப்பைக் கரையுங்கள். கல்லுப்பு என்றால் 50 கிராம் நிறுத்துப் போடுங்கள். துண்டுகள் மூழ்கும்படி வைத்து மூடிவிடுங்கள். உப்பு நாருக்குள் இறங்கி, நெருப்பில் சுருங்கும்போதும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணித்தியாலம் போதும். நம் ஆட்கள் ஒரு கணக்கை மறந்துவிடுகிறார்கள்: பிரிஜ் இல்லாத வீட்டில், கடையில் வாங்கிய நேரத்திலிருந்து அடுப்பில் வைக்கும் நேரம் வரை 2 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே பஸ்ஸும் நடையுமாய் ஒன்றரை மணித்தியாலம் ஆகிற தோட்டத்தார் அரை மணி ஊற வைத்தால் சரி. பிரஷர் உள்ளவர்களின் துண்டை உப்பில் போடாமல் தனியே வையுங்கள்.

ஊறிய தண்ணீரைக் கானில் ஊற்றாமல் குழியில் ஊற்றி மண் போடுங்க. துண்டுகளை ஈரம் போகத் துடைத்து, இடித்த மிளகு, இஞ்சி, வெள்ளைப்பூடு தடவலாம். இனி உப்பு வேண்டாம். தேசிக்காயும் கொறக்காவும் போட்டு ராத்திரி முழுக்க ஊற வைப்பதை நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். புளிப்பில் மேற்புறம் மாவாகிவிடும், உள்ளே ஒன்றும் சாராது. தேசிக்காயைச் சாப்பிடும்போது பிழிந்துகொள்ளலாம். சீனி கலந்த சோஸ் தடவ ஆசைப்பட்டால் கடைசி இரண்டு நிமிஷத்தில் தடவுங்க, முந்தினால் கருகிப்போகும். ஓரத்துக் கொழுப்பில் ஒரு அங்குலத்துக்கு ஒரு கீறல் போட்டால் துண்டு வளையாமல் படிந்து கிடக்கும்.

இப்போது நெருப்பு. வெட்டவெளியில், லயத்திலிருந்து தள்ளி, இரண்டு பக்கமும் கல் அடுக்கி மேலே இரும்புக் கம்பிகளை வரிசையாய் வைத்தால் அடுப்புத் தயார். கோழிக்கூட்டு வலை கையில் இருக்கிறதே என்று அதை வைக்காதீர்கள். அதில் நாகம் பூசியிருக்கும். கடுஞ்சூட்டில் அதிலிருந்து வரும் புகை கூடாது, பூச்சு இறைச்சியிலும் ஒட்டும். விறகுக்குக் கொய்யாக் கட்டை, பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைக் கட்டை, சிரட்டை எல்லாம் நல்லவை. பெயின்ட் அடித்த பலகை, டயர் துண்டு, சொப்பிங் பேக், மண்ணெண்ணெய் ஒன்றும் வேண்டாம்.

சுடுவது தணலில், சுவாலையில் அல்ல. விறகு எரிந்து அடங்கி, மேலே சாம்பல் பூத்த பிறகுதான் இறைச்சிக்கு இடம். அதற்கு அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஆகும், பொறுத்திருக்க வேண்டும். தணலில் பெரும் பங்கை ஒரு பக்கம் ஒதுக்கி, மற்றப் பக்கம் கொஞ்சமாகப் பரப்புங்கள். கம்பி உயரத்தில் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்க. இரண்டு மூன்று எண்ணுவதற்குள் கையை இழுத்தால் அது கடுஞ்சூடு. ஐந்து ஆறு எண்ண முடிந்தால் இளஞ்சூடு. இரண்டும் நமக்கு வேண்டும்.

கடுஞ்சூட்டில் ஒவ்வொரு புறமும் 2 நிமிஷம் வைத்தால் மேல் சிவந்து வாசம் வரும். பிறகு இளஞ்சூட்டுப் பக்கம் தள்ளி, மேலே ஒரு தகர மூடியோ பழைய சட்டியோ கவிழ்த்து வைத்து, இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை திருப்புங்க. ஒரு அங்குலத் துண்டுக்கு இங்கே 8 முதல் 10 நிமிஷம் பிடிக்கும். காற்றடித்தால் கூடலாம், நேரத்தை மட்டும் நம்ப வேண்டாம். கரண்டியால் அழுத்தினால் "சொய்ங்" என்று ஓடுவது துண்டுக்குள் இருக்க வேண்டிய ஈரந்தான். கொழுப்பு சொட்டிச் சுவாலை எழும்பினால் தண்ணி தெளிக்காதீங்க, துண்டைத் தள்ளி வையுங்க.

வெந்ததா என்று பார்க்க, மிகக் கனமான துண்டை எலும்பின் ஓரமாகக் கத்தியால் கீறுங்கள். உள்ளே பச்சைக் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு இல்லாமல் முழுக்க வெளிறி, வடிகிற சாறு தெளிவாக இருந்தால் சரி. அந்த நிமிஷமே இறக்கிவிடுங்க. "இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும்" என்பதில்தான் எல்லாம் கெடும். உணவுச் சூடுமானி இருந்தால் நடுவில் 70 பாகை காட்ட வேண்டும். அமெரிக்காவில் 2011இல், முழுத் துண்டுக்கு 63 பாகையும் அதன்பின் 3 நிமிஷ ஆறுதலும் போதும் என்று விதியை மாற்றினார்கள். அது சூடுமானியால் அளந்து பார்க்கிற வீடுகளுக்குச் சரி. கண்ணால் பார்த்து இறக்கும் நமக்கு, நடுவில் ரோஸ் நிறம் இல்லாமல் வேகட்டும்.

இறக்கியதைச் சுத்தமான பீங்கானில் 5 நிமிஷம் சும்மா வையுங்க. உடனே வெட்டினால் சாறெல்லாம் ஓடிவிடும். பச்சைத் துண்டு கிடந்த பீங்கானிலேயே திரும்ப வைத்துவிடாதீங்க. பங்கு பிரிக்கும்போது வயிற்றுப்பிள்ளைக்காரிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் எலும்பை மட்டும் தள்ளாமல் சதையாகக் கொடுங்கள். புரதமும் இரும்புச்சத்தும் அவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

இனி பச்சையாய்ச் சாப்பிட்டால் என்ன என்ற கேள்விக்கு வருவோம். நாடாப்புழுவின் குஞ்சு பன்றியின் சதையில் அரிசிமணி போல வெள்ளையாகத் தங்கும். அப்படிப்பட்ட இறைச்சியை வேகாமல் தின்றால் மனிதனின் குடலில் அது மீற்றர் கணக்கில் நீண்ட புழுவாக வளரும். அந்த ஆளின் மலத்தில் முட்டைகள் போகும். திறந்த வெளியில் மலங்கழித்தால் அதைப் பன்றி தின்னும், சுற்று தொடரும். அதைவிட மோசமானது, அந்த முட்டைகள் கழுவாத கை வழியாக இன்னொரு மனிதனின் வாய்க்குப் போவது. அவை மூளையில் போய்த் தங்கினால் வலிப்பு வரும். அதனால் பன்றியைத் தொடாத குடும்பத்துப் பிள்ளைக்கும் இந்த வலிப்பு வரலாம். வலிப்புக்கு வேறு காரணங்களும் பல. ஒருவருக்கு வலிப்பு வந்தால் அவர் என்ன சாப்பிட்டார் என்று பேசித் திரியாமல் வைத்தியரிடம் கூட்டிப்போங்க. வெண்மணி தெரிகிற இறைச்சியைச் சமைக்காமல், பொது சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள். வேகவைப்பது பாதி வேலை. மலசலகூடமும் சவர்க்காரமும் மற்றப் பாதி.

சுட்டு முடிந்த தணலைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளிர் நாட்டில், மிஞ்சிய தணலைச் சட்டியில் அள்ளி காம்பராவுக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பவர்கள் உண்டு. புகையே இல்லாமல், வாடையே இல்லாமல் கரியிலிருந்து ஒரு நச்சுவாயு வரும். தூக்கத்திலேயே குடும்பத்தோடு உயிர் போய்விடும். மழை வந்துவிட்டது என்று அடுப்பை இஸ்தோப்புக்குள் இழுப்பதும் கூடாது. மழை நாளில் குழம்பு வைத்துக்கொள்ளலாம். தணலில் தண்ணீர் ஊற்றி, கையால் தொட்டுக் குளிர்ந்ததைப் பார்த்த பிறகே உள்ளே போங்கள்.

மிஞ்சிய எலும்பையும் துண்டையும் வளர்க்கும் பன்றிக்குப் போடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. 2024 ஒக்டோபரில் இலங்கையில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. அது மனிதருக்குத் தொற்றாது. ஆனால் பன்றிகளைக் கூட்டத்தோடு அழித்துவிடும், இறைச்சி மிச்சங்கள் வழியாகவும் பரவும். பன்றி வளர்ப்பவர்கள் கடை இறைச்சியின் கழிவைத் தொட்டியில் போடாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். நோயில் செத்த பன்றியின் இறைச்சி மலிவாய் வருகிறது என்று யாராவது கதவைத் தட்டினால் வாங்காதீங்க, அரச மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள்.