ஆச்சியின் சுருக்குப்பையைத் துலக்காதே

தாராவி வீட்டு மூட்டைகள் வாஷியில் வந்து இறங்கிய அன்று பழைய காசுகள் கிடந்த ஆச்சியின் சுருக்குப்பையைக் கண்டெடுத்தாய். சந்தோஷம். எடுத்த கையோடு அடுக்களைக்குப் போய்ப் புளியைக் கரைத்தாய் பார், அதற்குத்தான் அப்படிக் கத்தினேன். ஏன் என்று இப்போது நிதானமாகச் சொல்கிறேன், கேளு.

செம்புக்காசின் மேல் இருக்கும் பழுப்பு, அழுக்கு இல்லை. உலோகம் காலப்போக்கில் தானே போர்த்திக்கொண்ட தோல். புளி, எலுமிச்சை, சாம்பல், விளக்கு துலக்குகிற பொடி என்று எதைப் போட்டாலும் அந்தத் தோல் உரியும். கூடவே எழுத்தின் கூர்மையும் போகும். துலக்கின காசை வியாபாரி ஒரே பார்வையில் கண்டுபிடித்து விலையைக் குறைப்பான். மண் ஒட்டியிருந்தால் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போட்டு, பருத்தித் துணியால் ஒற்றி எடு. தேய்க்கவே கூடாது. தொடும்போது விளிம்பைப் பிடி. வியர்வை விரல் பட்டால் கைரேகை செம்பில் அப்படியே தங்கிவிடும்.

பையில் இருப்பது என்னவென்று தெரிய வேண்டாமா? ரூபாய்க்கு நூறு பைசா என்ற கணக்கு 1957 ஏப்ரல் 1-ல்தான் வந்தது. அதற்கு முன் ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு நாலு காலணா, காலணாவுக்கு மூன்று தம்பிடி. ஆக, ஒரு ரூபாய்க்கு 192 தம்பிடி. நாலணாவும் எட்டணாவும் புதுக் கணக்கில் 25, 50 என்று அழகாகப் பொருந்திக்கொண்டன. ஓரணாதான் தகராறு. ஆறேகால் பைசா வரும். ஆறு என்று வைத்தார்கள். அந்தக் கால் பைசாவுக்காகக் கீரைக்காரியோடு மல்லுக்கு நின்றதை ஆச்சி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். புதுக் காசில் 'நயா பைசே' என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவில் அடித்தது. அப்புறம் 'நயா'வை எடுத்துவிட்டார்கள்.

அணாக்காசைப் பிரிக்க எழுத்துகூட வேண்டாம், பெரும்பாலும் வடிவமே போதும். நடுவில் ஓட்டை இருந்தால் 1943 முதல் 1947 வரை வந்த காலணா. யுத்த காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்கப் போட்ட ஓட்டை. பூவிதழ் போல விளிம்பு வளைந்திருந்தால் ஓரணா. இரண்டணா, மூலை மழுங்கின சதுரம். 1950-க்குப் பிறகு காலணாவில் குதிரை, அரையணா முதல் இரண்டணா வரை காளை. வருஷத்துக்குக் கீழே சின்ன வைர வடிவமோ புள்ளியோ தெரிந்தால் நம்ம மும்பை ஃபோர்ட் நாணயச்சாலையில் அடித்தது. ஒன்றுமே இல்லாவிட்டால் பெரும்பாலும் கல்கத்தா.

வெள்ளி ரூபாய்க்கு எடைதான் சாட்சி. 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம், ரொம்பக் குறைந்தால் சந்தேகப்படு. 1940-லிருந்து வெள்ளி பாதிதான். காந்தம் வைத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை, ஆனால் ஒரு எச்சரிக்கை: 1947-ல் புலி போட்டு வந்த ரூபாய் காந்தத்தில் ஒட்டும். பயந்து தூக்கிப் போட்டுவிடாதே. அது நிக்கல், ஒட்டத்தான் செய்யும்.

ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ பொறித்து, பின்பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818 என்று இருக்கும் அரையணாவை யாராவது காட்டினால் சிரித்துவிட்டு நடையைக் கட்டு. கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. அது அரிசியை இழுக்கும், லட்சம் பெறும் என்பதெல்லாம் பணம் பறிக்கிற வேலை. பழைய காசை வாங்கிக்கொள்கிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கி பெயரில் போன் வந்தாலும் அதே கதைதான். தாங்கள் இந்த வியாபாரத்தில் இல்லை, கமிஷனும் வாங்குவதில்லை என்று அவர்களே 2021-ல் அறிவித்தாயிற்று.

கண் பழக வேண்டுமென்றால் வாஷியில் ஹார்பர் லைன் பிடித்து சிஎஸ்எம்டியில் இறங்கு. ஃபோர்ட்டில் ரிசர்வ் வங்கியின் பண அருங்காட்சியகம் இருக்கிறது. நாலு முறை அங்கே பார்த்த பிறகு பழைய சாமான் விற்கிற சோர் பஜாருக்குப் போ. முதல் தடவை வேடிக்கை மட்டும் பார், பர்ஸைத் திறக்காதே.

வைக்கிற விஷயத்தில்தான் நானே ஏமாந்தேன். பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் ஆல்பம் வாங்கிக் காசுகளைச் செருகினேன். கழிமுகக் காற்றும் ஜூலை மழையும் சேர்ந்து, அடுத்த தீபாவளிக்குள் செம்பெல்லாம் பச்சையாகப் பிசுபிசுத்துவிட்டது. பிவிசி ஆல்பம் வேண்டவே வேண்டாம். அட்டைச் சட்டம் கிடைக்கும், ஒவ்வொரு காசையும் தனித்தனியாக அதில் வை. டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடு, மே கடைசியில் மாற்று.

கடைசியாக ஒன்று. நீ துபாய் போகும்போது ஆச்சியின் விக்டோரியா ரூபாய்களைப் பெட்டியில் வைக்காதே. நூறு வருஷம் தாண்டின காசு 1972-ம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். நாட்டைவிட்டு வெளியே எடுத்துப் போக முடியாது. வேடிக்கை என்னவென்றால் அந்த ஊரிலும் 1966 வரை ரூபாய்தான் ஓடியது. 1959-லிருந்து வளைகுடாவுக்கென்றே ரிசர்வ் வங்கி தனி நோட்டு அடித்தது. அதில் ஒன்று அங்கே எங்காவது கண்ணில் பட்டால் விலையைக் கேட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணு. அப்புறம், பையில் உள்ள ஓட்டைக் காலணாக்களில் சிவப்புக் கயிறு கோத்தது ஒன்று இருக்கும், தம்பியின் அரைஞாணில் கிடந்தது. கயிற்றை அவிழ்க்காதே, அது அப்படியே இருக்கட்டும்.