சுமப்பவர் யார்?

நுழையும்முன்

கருவிகள் மனிதரின் உழைப்பைக் குறைக்கத் தோன்றியவை. ஆயினும் கணினியின் முன் அமரும் பலர், கருவிக்குத் தாம் உழைப்பதாகவே உணர்கின்றனர். இதற்குக் காரணம் பயனரா, மென்பொருளா என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

பெயரும் படிவமும்

தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்வது தமிழரிடையே பெருவழக்கு. இணையவழிப் படிவங்கள் சிலவோ, ‘குடும்பப் பெயர்’ என்னும் கட்டத்தை நிரப்பினாலன்றி அடுத்த பக்கத்திற்குச் செல்ல விடுவதில்லை. ஒருவர் அதில் தந்தை பெயரை இடுவார். மற்றொருவர் தலைப்பெழுத்தை இடுவார். வேறொருவர் தம் பெயரையே மறுமுறையும் இடுவார். இதனால் ஒருவரின் பெயரே ஆவணத்திற்கு ஆவணம் வேறுபட நேர்கிறது. அதைத் திருத்த அலைபவர் பயனரே. ‘எனக்குக் கணினி தெரியவில்லை’ என்று தம்மையே நொந்துகொள்பவரும் அவரே.

கதவு, விளக்கு விசை முதலிய அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பை ஆராய்ந்து 1988இல் நூல் வெளியிட்ட அமெரிக்க அறிஞர் டொனால்டு நார்மன், இம்மனநிலையைச் சுட்டிக்காட்டினார். கையாளத் தடுமாறுவோர் தம்மைக் குறைகூறிக்கொள்கின்றனர். குறையோ பெரும்பாலும் வடிவமைப்பில் உள்ளது என்பது அவர் கருத்து.

நீங்காச் சிக்கல்

கணினியில் வெட்டி ஒட்டும் முறையை உருவாக்கியவர்களுள் ஒருவர் லாரி டெஸ்லர். எந்தச் செயலிலும் நீக்கவியலாத சிக்கல் ஓரளவு உண்டு. அதனை வடிவமைப்பாளர் சுமப்பதா, பயனர் சுமப்பதா என்பதே வினா என்றார் அவர்.

தமிழ்த் தட்டச்சு இதற்குத் தக்க சான்று. பழைய தட்டச்சுப் பொறியில் ‘கொ’ என்னும் எழுத்தைப் பெற, கொம்பு, ககரம், கால் ஆகியவற்றை வடிவ வரிசையில் அடிக்க வேண்டும். ஒலிக்கும் முறை வேறு. அடிக்கும் முறை வேறு. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டி ஏற்கப்பட்ட ‘தமிழ்99’ விசைப்பலகை இச்சுமையை இடம் மாற்றியது. அதில் ககரத்தையும் ஒகரத்தையும் அடுத்தடுத்து அடித்தால் ‘கொ’ தோன்றும். மகரத்தை இருமுறை அடித்தால் முன்னதற்குப் புள்ளி தானே அமையும். எனவே ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என்னும் நான்கு விசைகளே போதும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தாலும் அவ்வாறே. இலக்கணம் கூறும் இனவெழுத்து உறவை மென்பொருள் அறிந்திருக்கிறது.

‘மமதை’ போன்ற சொற்களில் புள்ளி தேவையில்லை. அங்கு இரு மகரங்களுக்கு இடையே அகர விசையை அடித்தல் வேண்டும். அடிக்கடி வருவதற்கு எளிய வழியும், அரிதாக வருவதற்குச் சிறு முயற்சியும் வகுக்கப்பட்டுள்ளன. சிக்கல் மறைந்துவிடவில்லை, பயனரின் விரல்களிலிருந்து நிரலுக்குள் சென்றுள்ளது.

படிவத்திற்கும் இதுவே பொருந்தும். ‘முழுப்பெயர்’ என ஒரே கட்டம் அமைப்பின், நிரலருக்கு வேலை சற்றுக் கூடலாம். பல்லாயிரவரின் அலைச்சல் குறையும். நாளை மென்பொருள் எழுதவிருக்கும் மாணவர்கள் முதலில் எண்ண வேண்டியது, அதனைக் கையாளப்போகும் எளிய மனிதரையே.

மதிப்பீடு

1. ‘தமிழ்99’ விசைப்பலகையில் இனவெழுத்து உறவு பயன்படுமாற்றை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. நீங்கள் பயன்படுத்தும் செயலி ஒன்றில் பயனர்மீது சுமத்தப்பட்டுள்ள தேவையற்ற சுமையைக் கண்டறிந்து, அதனை நீக்கும் வழியை எழுதுக.