கையெழுத்துப் போடாதவரிடம் காசு கொடுக்காதே

அன்புள்ள பெறாமகனுக்கு,

போனில் சொன்னால் காற்றோடு போய்விடும் என்றுதான் எழுதுகிறேன். நியூவார்க்கில் ஒருவர் உன் தஞ்சக் கேஸை முடித்துத் தர 4,000 டொலர் கேட்கிறார் என்றாய். அவர் சட்டத்தரணியா என்று கேட்டால், "தெரியாது சித்தப்பா, எல்லாரும் அவரிட்டத்தான் போகினம்" என்கிறாய். அந்தக் காசைக் கொடுக்காதே.

அமெரிக்காவில் கொலைக் கேஸில் மாட்டிய ஏழைக்கும் அரசாங்கம் சட்டத்தரணி வைத்துத் தரும். குடிவரவு நீதிமன்றத்தில் அப்படி இல்லை; உனக்கு ஆள் வேண்டுமென்றால் நீயேதான் தேட வேண்டும். நீ சொன்னவரைப் போன்ற தரகர்கள் பிழைப்பதும் இதனால்தான்.

சட்டத்தரணியைத் தவிர, நீதித் திணைக்களத்தின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி என்று ஒருவரும் இருக்கிறார். வருமானம் குறைந்தவர்களுக்காக நடக்கும், இலாப நோக்கில்லாத நிறுவனங்களில் வேலை செய்பவர். முழு அங்கீகாரம் உள்ளவரென்றால் நீதிமன்றத்திலும் உனக்காக நிற்கலாம். பகுதி அங்கீகாரக்காரர் அங்கே வர முடியாது. உன் கேஸ் நீதிமன்றத்தில் இருப்பதால் எது என்று கேட்டுக்கொள். கத்தோலிக்கத் தொண்டு நிறுவனத்தின் குடிவரவுப் பிரிவு, ரட்கர்ஸ் சட்டக் கல்லூரி என்று நியூவார்க்கிலேயே போய்க் கேட்க இடம் இருக்கிறது. இலவச சட்ட உதவி தருபவர்களின் பட்டியலை நீதிமன்றமே தரும்.

காசு வாங்காதவன் ஒழுங்காகச் செய்யமாட்டான் என்று எங்கட சனத்துக்கு ஒரு நினைப்பு. துரைசிங்கம் என்ற எங்கட தமிழரின் வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் வாதாடியது அமெரிக்க சிவில் உரிமைகள் ஒன்றியம். அதுவும் இலாப நோக்கில்லாத அமைப்புத்தான். 2020இல் தீர்ப்பு அவருக்கு எதிராகப் போனது உண்மை. ஆனால் அந்தப் படி வரை ஏற எந்தத் தரகராலும் முடியாது.

தஞ்சம் கேட்கும் ஐ-589 படிவத்தின் கடைசிப் பகுதிகளைப் பார். உனக்காக அதை நிரப்பியவர் தன் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்திட இடம் விட்டிருக்கும். தரகர் அதை வெறுமையாக விட்டுவிடுவார். பிறகு பிழை வந்தால் தலை உன்னுடையது. அதைவிட மோசம், வேறு யாருடையவோ கதையை வெட்டி உன் பெயரில் ஒட்டுவது. நீதிபதி திகதி கேட்கும்போது உன் வாயும் படிவமும் வேறு வேறு சொல்லும். உனக்கு நடந்ததை நடந்தபடி சொல். மறந்ததை மறந்தேன் என்று சொல்.

இலாப நோக்கில்லாத நிறுவனங்களில் காத்திருக்க வேண்டி வரும், ஒன்று மறுத்தால் அடுத்ததைக் கேள். ஆனால் நாட்டுக்குள் வந்து ஒரு வருடத்துக்குள் தஞ்ச விண்ணப்பம் போட வேண்டும். வீடு மாறினால் 5 வேலை நாளுக்குள் நீதிமன்றத்துக்கு அறிவி. அழைப்புக் கடிதம் பழைய முகவரிக்குப் போய், நீ தவணைக்குப் போகாமல் விட்டால், நீ இல்லாமலே நாடுகடத்தும் கட்டளை போடுவார்கள்.

திங்கட்கிழமை காலையிலேயே அந்த நிறுவனங்களுக்குப் போன் எடு. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி எல்லாவற்றையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு கொண்டு போ. மூலப் பத்திரங்களை ஒருவரிடமும் விட்டுவிட்டு வராதே.

அன்புடன்,
சித்தப்பா