சூனியக்காரிகளா, மெக்பெத்தா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள், ‘மெக்பெத்’ நாடகத்தில் அத்தனை கேட்டுக்கும் அந்த மூன்று சூனியக்காரிகள்தான் காரணம் என்கிறாள். சரியா?
— வாசகி ஒருவர், காரைக்கால்மேடு

பதில்: பாதி சரி. அரசனாவாய் என்றார்களே தவிர, மன்னன் டங்கனைக் கொல் என்று அவர்கள் சொல்லவே இல்லை. கத்தியை எடுக்க வைத்தது மெக்பெத்தின் ஆசையும் மனைவியின் தூண்டுதலும். உன் வம்சம் ஆளும் என்று அதே இடத்தில் கேட்ட சக தளபதி பாங்க்வோ யாரையும் கொல்லவில்லையே! பின்னால் அரை உண்மைகளைக் காட்டி மெக்பெத்தை அசட்டுத் துணிச்சலில் தள்ளியதுதான் அவர்கள் செய்த பாவம்.

நம்மிடம் இதற்கு நேர்மாறான கதை உண்டு. மூத்தவன் சேரன் செங்குட்டுவன் இருக்க, இளையவனுக்கே அரசாளும் இலக்கணம் என்றானாம் ஒரு நிமித்திகன். அண்ணன் மனம் நோகாதிருக்க தம்பி இளங்கோ துறவியானார். அவர் எழுதிய சிலப்பதிகாரத்தில், உங்கள் கரைக்கு வடக்கே உள்ள புகாரில் பிறந்த கோவலனையும் ஊழ்வினை விடவில்லை. அவன் கண்ட கெட்ட கனவு பலித்தது. ஆனால் மதுரையில் அவன் களவு செய்யவில்லை, வஞ்சித்தவன் பொற்கொல்லன்.

(நிஜ மெக்பெத் 1040 முதல் 1057 வரை ஸ்காட்லாந்தை ஆண்டவன். டங்கனைக் கொன்றது படுக்கையில் அல்ல, போரில்.)

மகளை இளங்கோவின் கதை வரும் வரந்தரு காதையையும் படிக்கச் சொல்லுங்கள். தேர்வில் ஒப்பிட்டு எழுதலாம்.